நனைசல் உண்டு, கிழிசல் இல்லை

மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி ஆளைப் பார்ப்பார். பிறகு அதை மூக்குக்கு இறக்கி நோட்டைப் பார்ப்பார். ஆள், நோட்டு, ஆள், நோட்டு. நாற்பத்தொரு பேர் இருக்கும் வகுப்பில் அந்தக் கண்ணாடி நாற்பத்தொரு தடவை ஏறி இறங்கும். பின்வரிசைப் பையன்கள் அதற்கு மேசையில் தாளம் போடுவார்கள். அவர் காதில் விழாது. விழுந்தாலும் ஒன்றுமில்லை, காதில் விழுந்ததை எழுதுகிற வழக்கமே அவருக்குக் கிடையாது. கண்ணால் பார்த்ததைத்தான் எழுதுவார்.

எங்கள் சட்டக் கல்லூரியில் அவர் குமாஸ்தா. தூத்துக்குடியை விட்டு உப்பளங்களைத் தாண்டிப் போகிற சாலையில் இருந்த சின்னக் கல்லூரி அது. நான் அங்கே பெருக்கித் துடைக்கிற வேலையில் இருந்தேன். பதினோரு மணிக்குக் காப்பியும் போடுவேன். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ரெஜிஸ்டர் அண்ணாச்சி என்றுதான் எல்லோரும் சொல்வோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

வேறு கல்லூரிகளில் வருகைப்பதிவை வாத்தியார்மார்களே எடுப்பார்களாம். எங்கள் கல்லூரியில் ஒருவனுக்காக இன்னொருவன் குரலை மாற்றி 'பிரசென்ட்' சொல்லிச் சொல்லி, சினிமாக் கொட்டகையில் இருந்தவனெல்லாம் வகுப்பில் இருந்ததாகக் கணக்கு வந்தது. அதனால் கல்லூரி முதல்வர் அம்மா எல்லோருடைய வருகைப்பதிவையும் அண்ணாச்சியிடமே கொடுத்தார். கொடுத்த மாதமே அந்த அம்மாவும் மாட்டிக்கொண்டார். ஒரு நாள் காலையில் போன் செய்து, "அண்ணாச்சி, ரயில்வே கேட்டுல நிக்கேன். அஞ்சு நிமிஷத்துல வந்துருவேன், போட்டுக்கிடுங்க" என்றார். அண்ணாச்சி போட்டுக்கொண்டார். எப்படி? முதல்வர் பேருக்கு எதிரே, "ரயில்வே கேட்டில் நிற்பதாகப் போனில் சொன்னார். நான் பார்க்கவில்லை" என்று முத்து முத்தான எழுத்தில்.

என் கதை இன்னும் மோசம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் விடியுமுன்னே வந்து மாடி முழுவதும் பெருக்கி முடித்துவிட்டுக் கீழே வந்தால், என் பேரில் 'வரவில்லை' என்று இருக்கிறது. எனக்கு ஆண்களிடம் நின்று பேசவே கூச்சம். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கண்ணீர் விட்டேன்.

"மாடி சுத்தமா இருக்கு தாயி. யாரோ பெருக்கிருக்காவ. நீதான்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் உன்னப் பாக்கலியே" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். அன்றிலிருந்து தினமும் காலையில் விளக்குமாற்றோடு அவர் மேசைக்கு முன்னால் போய் நிற்பேன். கண்ணாடி ஒரு தடவை ஏறி இறங்கும். அதற்குப் பிறகுதான் எனக்கு அன்றைய நாள் தொடங்கும்.

இந்தக் குணம் அவருக்குத் துறைமுகத்தில் இருந்து வந்தது. வாலிப வயதில் பழைய துறைமுகத்தில் டாலி கிளார்க்காக இருந்தாராம். தோணியில் ஏறுகிற, இறங்குகிற மூட்டைகளைப் பக்கத்தில் நின்று எண்ணி எழுதுகிற வேலை. நாலு மூட்டைக்கு நாலு நேர்கோடு, ஐந்தாவதுக்குக் குறுக்கே ஒரு கோடு. பக்கத்தில் குறிப்புக்கென்று ஒரு கட்டம். மூட்டை நனைந்திருந்தால் 'நனைசல்', கிழிந்திருந்தால் 'கிழிசல்'. கல்லூரி ரெஜிஸ்டரிலும் அவர் அந்தக் கட்டத்தை விடவில்லை. தானே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு வைத்திருந்தார். அதில் தினமும் ஏதாவது இருக்கும். 'மூன்றாவது மின்விசிறி ஓடவில்லை.' 'ஜன்னலில் காகம்.' பிள்ளைகள் அதைத் திருட்டுத்தனமாகப் படித்துச் சிரிப்பார்கள்.

இன்னொன்றும் துறைமுகத்துப் பழக்கம்தான். பதினோரு மணிக்கு எல்லோருக்கும் காப்பி கொடுப்பேன். அவர் ஒரு சொட்டுக் குடிக்கமாட்டார். "எண்ணுதவன் சரக்குல கை வைக்கக்கூடாது தாயி" என்று தள்ளி வைத்துவிடுவார். கருப்பட்டிக் காப்பியில் என்ன சரக்கு இருக்கிறது என்று எனக்கு விளங்கியதில்லை. கேட்டதும் இல்லை.

அந்த வருஷம் மழை பெய்தது. மழை என்றால் எங்கள் ஊருக்குத் தெரிந்த மழை இல்லை. ஒரு நாள் இரண்டு நாளில் குளங்கள் உடைந்து, ஆறு கரையேறி, கல்லூரிக்குள் என் இடுப்பளவு தண்ணீர். நூலகத்தின் கீழ்த்தட்டுப் புத்தகங்கள் ஊறிப் புட்டு மாதிரி உப்பிவிட்டன. அலுவலக அறை பூட்டிக் கிடந்தது. ரெஜிஸ்டர்கள் உள்ளே பீரோவில். கதவு உப்பிப்போய்த் திறக்கவில்லை. கரண்ட் கிடையாது. எல்லோருடைய போனும் செத்துக் கிடந்தது.

அதற்கு முன்பே பல காரணங்களால் பல நாள் வகுப்பு நடக்காமல் போயிருந்தது. நூற்றுக்கு எழுபது நாளாவது வந்திருந்தால்தான் பரீட்சை எழுத விடுவார்கள். கடைசி வருஷப் பிள்ளைகள் நாற்பத்தொரு பேர். இனி ஒரு வாரம் பத்து நாள் வகுப்பு விட்டுப்போனாலும் அவர்களில் பாதிப் பேர் எழுபதைத் தொடமுடியாது என்று முதல்வர் அம்மா கணக்குப் போட்டுப் பார்த்தார்.

சாலைக்கு மேற்கே மேட்டில், உப்பு மூட்டைகளை அடுக்கி வைக்கிற ஒரு கிட்டங்கி இருந்தது. மழையில் அளத்து உப்பெல்லாம் கரைந்து போனதால் அது காலியாகக் கிடந்தது. சொந்தக்காரர் சாவியைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். "உப்புதான் கரைஞ்சு போச்சு. பிள்ளைய படிப்பாவது கரையாம இருக்கட்டும்" என்றார். நானும் நாலு பையன்களும் தரையைத் துடைத்துத் தார்ப்பாய் விரித்தோம். அன்று காலை முதல் வகுப்பு.

பிள்ளைகள் எப்படி வந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? ஒரு கூட்டம் உப்பு லாரியில் நின்றுகொண்டு வந்தது. புன்னைக்காயல் பக்கத்துப் பிள்ளைகள் ஸ்டெல்லாவின் அப்பா படகில் வந்தார்கள். ஸ்டெல்லா தன் தெருவிலேயே முதன்முதலாகச் சட்டம் படிக்க வந்தவள். "இந்த வருஷம் முடிக்கலன்னா வீட்டுல மறுபடி அனுப்பமாட்டாவ பெரியம்மா" என்று என்னிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். அவள் படகிலிருந்து பாவாடையை மடித்துக்கொண்டு இறங்கினாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக இறங்கி, கையைப் பிடித்து ஏற்றிவிட, மேட்டுக்கு வந்தார்கள்.

கிட்டங்கி வாசலில் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். கையில் ரெஜிஸ்டர் இல்லை. ஒரு சிமெண்டுச் சாக்குத் தாளைக் கிழித்துப் பலகையில் வைத்திருந்தார். படகிலிருந்து ஒன்று, ஒன்று, ஒன்று என்று இறங்குவதைப் பார்த்ததும் அவர் கை பழைய தொழிலுக்குப் போய்விட்டது. நாலு நேர்கோடு, ஒரு குறுக்குக் கோடு. பேர் எழுதவில்லை. தலையை எண்ணினார். பக்கத்தில், 'நனைசல் பன்னிரண்டு' என்று எழுதினார்.

ஒன்பது நாள் அப்படி நடந்தது. தாளில் பேரே இல்லை என்பது ஒன்பது நாளும் யாருக்கும் உறைக்கவில்லை. அவர் வாசலில் நிற்கிறார், கண்ணாடி ஏறுகிறது, இறங்குகிறது, எழுதுகிறார். வேறென்ன வேண்டும் என்று எல்லோரும் இருந்துவிட்டோம்.

அந்த ஒன்பது நாளைப் பற்றி நினைத்தால் எனக்கு இப்போதும் மேல் சிலிர்க்கும். காலையில் பாடம். கரும்பலகை இல்லாததால் கிட்டங்கிக் கதவில் சுண்ணாம்புக்கட்டியால் எழுதினார்கள். மத்தியானம் ஊர்ச் சனம் வரும். ரேஷன் கார்டு போனவர்கள், பட்டா ஊறிப்போனவர்கள், படகுக் காகிதம் காணாமல் போனவர்கள். பிள்ளைகள் தார்ப்பாயில் உட்கார்ந்து மனு எழுதுவார்கள்.

புன்னைக்காயலில் இருந்து ஒரு பெண் வந்தாள். வீட்டுப் பின்சுவர் விழுந்துவிட்டது என்று அழுதாள். மனு எழுதியாயிற்று. சாட்சிக் கையெழுத்துக்கு அண்ணாச்சியிடம் நீட்டினார்கள்.

"நான் சுவரப் பாக்கலியே" என்றார்.

சுடலைமணி என்று ஒரு பையன், வாய்த்துடுக்கு. "வேய் அண்ணாச்சி, விழுந்த சுவர எப்படிவே பாப்பீரு? அது இருந்தாத்தான பாக்க முடியும்?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு அவர்மேல் கசப்பாக இருந்தது. இத்தனை சனம் தவிக்கும்போது இப்படி ஒரு மனுஷனா என்று நினைத்தேன்.

மறுநாள் வகுப்பு முடிந்ததும் அவர் ஸ்டெல்லா அப்பாவின் படகில் ஏறிப் போய்விட்டார். பொழுது சாயத் திரும்பி வந்தார். நெஞ்சு வரை நனைந்திருந்தார். மனுவின் அடியில் எழுதினார்: 'பின்சுவர் இல்லை. சுவர் இருந்த இடத்தில் முருங்கை மரம் சாய்ந்து கிடக்கிறது. அடுப்பு இருக்கிறது. அடுப்புக்குள் நண்டு. நான் பார்த்தேன்.' கீழே கையெழுத்து.

கட்டுக்கட்டாக வந்த மனுக்களில் அந்த மனுதான் முதலில் பாஸானது. அடுப்புக்குள் நண்டு என்று படித்த பிறகு எந்த அதிகாரி சந்தேகப்படுவார்? அதற்குப் பிறகு பிள்ளைகளும் நேரில் போய்ப் பார்க்காமல் ஒரு மனுவும் எழுதவில்லை. அவர்கள் எழுதியதில் ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை என்று பிற்பாடு சொன்னார்கள்.

அந்தப் படகுப் பயணத்துக்கு மறுநாள் அவருக்கு மேல் அனலாகக் கொதித்தது. வந்து வாசலில் நின்று எண்ணி முடித்துவிட்டுத்தான் ஓரமாகச் சாய்ந்தார்.

பத்தாம் நாள் தண்ணீர் வடிந்து அலுவலகக் கதவை உடைத்துத் திறந்தார்கள். ரெஜிஸ்டர் மேல்தட்டில் பத்திரமாக இருந்தது. அன்றிலிருந்து மறுபடியும் பேர் பேராக வருகைப்பதிவு. அண்ணாச்சி அந்த ஒன்பது நாள் சாக்குத் தாள்களை அடுக்கி முதல்வர் அம்மாவிடம் கொடுத்தார். அந்த அம்மாவும் வேலை மும்முரத்தில் அவற்றை அப்படியே மற்றக் காகிதங்களோடு பல்கலைக்கழகத்துக்கு அனுப்பிவிட்டார்.

பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது பதில் வந்தது. ஒன்பது நாளுக்கும் வெறும் கோடுகள்தான் இருக்கின்றன. எந்தெந்த மாணவர் வந்தார் என்று தெரியவில்லை. விசாரணைக்கு ஆள் அனுப்புகிறோம். நிரூபிக்காவிட்டால் அந்த ஒன்பது நாளும் சேராது.

அலுவலக அறையில் கூட்டம் கூடிவிட்டது. நான் வாசலைத் துடைக்கிற சாக்கில் அங்கேயே நின்றேன்.

"அண்ணாச்சி, யார் யார் வந்தாங்கன்னு உங்களுக்குத் தெரியும். பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டுருங்க" என்றார் முதல்வர் அம்மா. கெஞ்சுகிற குரல்.

"நான் எண்ணினது தலையம்மா. பேரை இப்ப எழுதினா அது பாத்து எழுதுனது ஆகாது. நெனச்சு எழுதுனது."

"எங்கள மூட்டைன்னு எண்ணிருக்கீரு. மூட்டைக்கு ஏதுவே பேரு!" என்று கத்தினான் சுடலைமணி.

ஸ்டெல்லா கத்தவில்லை. அவர் மேசைக்கு நேரே வந்து நின்றாள். "வெள்ளத்துல நாங்க முங்கல அண்ணாச்சி. உங்க ஒரு கையெழுத்துல முங்கப் போறோம். சரியா?"

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி அவளைப் பார்த்தார். நெடுநேரம் இறக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. "தப்பு என்னோடதுதான் தாயி. கை பழக்கத்துல போயிட்டு. அந்தத் தப்ப எழுதித் தாரேன், கையெழுத்தும் போடுதேன். ஆனா இன்னொரு தப்ப எழுதச் சொல்லாத."

அன்றிலிருந்து பிள்ளைகள் அவரோடு பேசவில்லை. வகுப்பில் அவர் வந்தால் தாளம் போடுவதையும் நிறுத்திவிட்டார்கள். அதுதான் கேட்கச் சகிக்கவில்லை.

என்னிடம் ஒன்று இருந்தது. அதைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

கிட்டங்கியில் காப்பி கொடுக்கக் கிளாஸ் இல்லை. பேப்பர் கப் வாங்கக் கடை இல்லை. அதனால் பிள்ளைகள் ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளரை வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள். வரும்போது கொடுப்பார்கள், போகும்போது கழுவி வாங்கிப் போவார்கள். வாத்தியார்மார்களுக்கு மட்டும் முதல்வர் வீட்டுப் பீங்கான் கோப்பைகள். வெள்ளத்தில் பாத்திரம் பண்டத்தை இழந்த வீடுகள் எத்தனை! ஒரு டம்ளர் குறைந்தாலும் பெருக்க வந்தவள் எடுத்துக்கொண்டாள் என்று வந்துவிடுமே என்று எனக்குப் பயம். நம் ஊரில் எந்த டம்ளரில்தான் பேர் வெட்டாமல் இருக்கிறது? அதனால் தினமும் வாங்குகிற டம்ளர்களில் வெட்டியிருக்கிற பேரைப் பார்த்துப் பார்த்து எழுதிவைத்தேன். கிட்டங்கிச் சுவரில் நாள்காட்டி தொங்கியது. அன்றன்றைத் தேதித் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் எழுதினேன். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். என் எழுத்து கோழி கிண்டியது போல இருக்கும். சட்டம் படிக்கிற பிள்ளைகளிடம் அதை எப்படிக் காட்டுவது?

மூன்றாம் நாள் ஸ்டெல்லா குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டே அழுதாள். நான் பேசாமல் அந்த ஒன்பது தாளையும் அவள் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடிவிட்டேன்.

பின்னாலேயே வந்தாள். "ஏ பெரியம்மா! பெரியம்மா! இது என்னது?"

"டம்ளரு."

"பின்பக்கம் தேதி இருக்கு!"

"நாள்காட்டியில தேதி இருக்காதா?"

அவள் என்னைக் கட்டிக்கொண்டு அப்படியே தூக்கிவிட்டாள். என் விளக்குமாறு கீழே விழுந்தது.

விசாரணை நாளில் பல்கலைக்கழகத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். மூத்தவர் நரைத்த தலை, மெதுவாகப் பேசுகிறவர். மாடியில் பெரிய வகுப்பறை. பிள்ளைகள் தங்கள் பக்கத்தைத் தாங்களே பேசுகிறோம் என்று அனுமதி வாங்கினார்கள். ஸ்டெல்லாதான் வக்கீல். வெள்ளைச் சேலை கட்டி வந்திருந்தாள். அவள் அம்மாவுடையது, கரையில் மஞ்சள் கறை இருந்தது.

நாற்பத்தொரு பேரும் மடியில் டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் என் தாளை எடுத்துப் படிப்பார், டம்ளரோடு ஒரு ஆள் எழுந்திருக்க வேண்டும்.

"பிரகாசியம்மாள்."

ஸ்டெல்லா டம்ளரைக் காட்டினாள். "எங்க அப்பம்மா ஐயா."

"செல்வி முத்துக்கனி பூப்புனித நீராட்டு விழா."

சுடலைமணி எழுந்து நின்றான். ஆறடி உயரம், மீசை. அறை முழுக்கச் சிரிப்பு. மூத்தவரும் சிரித்துவிட்டார். "அக்கா ஐயா. வேற டம்ளர் வெள்ளத்துல போயிட்டு" என்றான்.

இப்படியே தாத்தா, மதினி, மளிகைக்கடை அன்பளிப்பு என்று எழுந்துகொண்டே இருந்தார்கள். நான் எழுத்தைக் கொலை செய்திருந்த இடங்களிலும் டம்ளரைப் பார்த்ததும் சரியாகிவிட்டது. ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் என்று ஒருவர் எண்ணினார். அண்ணாச்சி போட்ட கோடுகளை இன்னொருவர் எண்ணினார். முதல் நாள் ஒத்துப்போனது. ஐந்தாம் நாள்வரை எல்லாமே ஒத்துப்போனது. ஆறாம் நாள் வந்தது.

"கோடு முப்பத்தாறு. டம்ளர் முப்பத்தேழு" என்றார் எண்ணியவர்.

மூத்தவர் தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். "மிக்கேலம்மாள். இது யார்?"

ஒருவரும் எழுந்திருக்கவில்லை. சுவரோரம் நின்ற நான் தலைப்பை வாயில் வைத்தபடி, "அது எங்க அம்மைய்யா. என் டம்ளரு" என்றேன்.

"நீங்களும் அதில் குடித்தீர்களா?"

"இல்லைய்யா. நான் தூக்குவாளி மூடியில குடிப்பேன்."

"பின்னே யார் குடித்தார்கள்?"

எனக்கு ஞாபகம் வரவில்லை. சாமி சத்தியமாக வரவில்லை. ஒன்பது நாளும் ஒரே நாளாகத் தெரிந்தது.

"ஒரு பேர் கூடுதலாக இருக்கிறதே" என்றார் மூத்தவர், மெதுவாகத்தான். "பிறகு உட்கார்ந்து எழுதியதாக இருந்தால் இப்படித்தான் தவறு வரும். இல்லையா?"

டம்ளர்களெல்லாம் மடியில் அசையாமல் இருந்தன. என்னால் இந்தப் பிள்ளைகளின் வருஷம் போகிறதே!

ஸ்டெல்லா திரும்பினாள். "எங்க அடுத்த சாட்சி, ரெஜிஸ்டர் அண்ணாச்சி."

அவர் முன்னால் வந்து நின்றார். பத்து நாளாக அவரோடு பேசாதவள் அவள்.

"ஆறாம் நாள் எத்தனை பேர் வந்தாங்க?"

"முப்பத்தாறு தலை."

"அதுல நான் இருந்தேனா?"

"எழுதல தாயி. சொல்ல மாட்டேன்."

பின்வரிசையில் யாரோ பல்லைக் கடித்தார்கள். அவள் அசரவில்லை. மூத்தவர் பக்கம் பார்த்துச் சொன்னாள்: "ஐயா, இவர் எங்களுக்காகப் பொய் சொல்றவர் இல்லைங்கறத நீங்களே பாத்துட்டீங்க." மறுபடியும் அவரிடம் திரும்பினாள். "அந்த நாள் குறிப்புக் கட்டத்துல என்ன எழுதிருக்கீங்க?"

அவர் சாக்குத் தாளை வாங்கினார். கண்ணாடியை இறக்கினார். படித்தார்.

"'நனைசல் ஏழு. கிழிசல் இல்லை. எழுதுபவருக்குக் காய்ச்சல். பெருக்கும் அம்மாள் தன் டம்ளரில் சுக்குக் காப்பி கொடுத்தார். குடித்தேன். ஒன்று.'"

அப்போதுதான் எனக்கு அவர் அந்தத் தார்ப்பாயில் சாய்ந்து கிடந்தது, நான் அதட்டிக் கொடுத்தது, அவர் வெட்கத்தோடு குடித்தது எல்லாம் வந்தது.

"நீங்கள் இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?" என்றார் மூத்தவர்.

"நீங்க கேக்கலியே ஐயா."

"உங்கள் கோடு முப்பத்தாறில் உங்களையும் எண்ணினீர்களா?"

"எண்ணுதவன் தன்னை எண்ண மாட்டான் ஐயா. துறைமுகத்துல வழக்கம் இல்ல."

ஸ்டெல்லாவின் குரல் இப்போதுதான் உயர்ந்தது. "ஐயா, இந்தச் சாக்குத் தாள் உங்க பல்கலைக்கழகத்துக்கு வந்து ரெண்டு மாசம் ஆகுது. இந்த அம்மா தாள் போன வாரம்வரை அவங்க பையிலதான் இருந்துச்சு. ஒருத்தர் எழுதினத ஒருத்தர் பாத்ததே இல்ல. இவர் தலைய எண்ணினாரு, அவங்க டம்ளர எழுதினாங்க. கூடுதலா வந்த அந்த ஒண்ணுகூட ரெண்டு பேர்ட்டயும் இருக்கு."

மூத்தவர் பேனாவை மூடி வைத்தார். மற்ற இருவரையும் பார்த்தார். மீதி மூன்று நாளையும் எண்ணிப் பார்த்தார்கள். மூன்றும் ஒத்துப்போயின.

"ஒன்பது நாளும் சேரும்" என்றார்.

அந்தச் சத்தத்தை நான் எப்படி எழுதுவேன்! நாற்பத்தொரு பேரும் டம்ளரால் மேசையைத் தட்டினார்கள். கண்ணாடி ஏறுவதற்கும் இறங்குவதற்கும் போடுகிற அதே தாளம். சுடலைமணி அண்ணாச்சியை இடுப்போடு தூக்கிவிட்டான். "இறக்குலே, இறக்கு! தலை சுத்துது!" என்று அவர் கத்துகிறார். அவர் கத்தி அன்றுதான் கேட்டேன்.

பரீட்சை முதல் நாள் அவர் கல்லூரி வாசலில் நின்று உள்ளே போகிறவர்களைப் பேர் பேராக எழுதினார். குறிப்புக் கட்டத்தில் என்ன எழுதினார் என்று எட்டிப் பார்த்தேன். 'நாற்பத்தொன்றும் நனைந்தவை. கிழிசல் இல்லை.'

நாற்பத்தொரு பேரும் பாஸ். ஊறிப்போன புத்தகங்களை உப்பளத்து வெயிலில் காயவைத்துப் படித்த பிள்ளைகள்! அந்த வருஷமே மதுரையில் நடந்த மாதிரி நீதிமன்றப் போட்டியில் பெரிய பெரிய கல்லூரிகளைத் தோற்கடித்துக் கோப்பையையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஸ்டெல்லா வக்கீலாகப் பதிவு செய்துகொண்டாள். புன்னைக்காயலில் அவளைப் படகில் ஏற்றி வெடி போட்டுக் கூட்டிப்போனார்கள்.

அந்தக் கோடையிலேயே அண்ணாச்சிக்கு ஓய்வு. கயத்தாற்றில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போவதாக இருந்தது. கடைசி நாளில் படித்து முடித்துப் போன நாற்பத்தொரு பேரும் வந்து நின்றார்கள். ஒருவர்கூட விட்டுப்போகவில்லை. வகுப்பு நடந்த காலத்தில்கூட அப்படி ஒரு நாள் இருந்ததில்லை. அவர் ரெஜிஸ்டரைப் புதிதாக வந்தவரிடம் ஒப்படைத்தார். பேனாவை மூடினார்.

ஸ்டெல்லா ஒரு புது எவர்சில்வர் டம்ளரை நீட்டினாள். அதில் பேர் வெட்டியிருக்கவில்லை. 'எண்ணிக்கையில் விட்டுப்போன ஒருவருக்கு' என்று வெட்டியிருந்தது. அவர் கண்ணாடியை இறக்கி அதைக் கடைசி எழுத்து வரை படித்தார். படித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"டூட்டி முடிஞ்சிட்டு தாயி. ஊத்து."

ஊற்றினேன். கருப்பட்டிக் காப்பி. கொஞ்சம் சிந்திவிட்டேன். அவர் ஒரு வாய் குடித்தார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். பழக்கம் விடுமா? கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஓடியது. நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசி ஆளைப் பார்த்து முடித்த பிறகும் விரல் நிற்கவில்லை. இன்னும் ஒரு கணு நகர்ந்தது.

"நாப்பத்தி ரெண்டு" என்றார். "என்னையும் சேத்து."